டிரம்மே இல்லாமல் டிரம் சத்தம் வருவது எப்படி? வாத்தியங்களை ‘3 எண்களில்’ அடக்கும் ரெசனன்ட் ஃபில்டர்!

பக்கத்து அறையில் ஏதோ கீழே விழுகிறது. எட்டிப் பார்க்காமலேயே, “எவர்சில்வர் டம்ளர் விழுந்துடுச்சு” என்று சொல்லிவிடுகிறோம். விழுந்தது பிளாஸ்டிக் மக்கா, பித்தளைச் சொம்பா, மரக்கரண்டியா என்பதைக்கூட காது கண்டுபிடித்துவிடும்.

கண்ணால் பார்க்கவில்லை, கையால் தொடவில்லை. அப்புறம் எப்படித் தெரிகிறது?

ஒவ்வொரு பொருளும் தட்டுப்படும்போது தனக்கே உரிய சில அதிர்வுகளை மட்டும்தான் வெளியிடும். அந்த அதிர்வுகள்தான் அந்தப் பொருளின் கைரேகை. இதே கைரேகையை எண்களாக மாற்றி கணினிக்குக் கொடுத்தால், டம்ளரே இல்லாமல் டம்ளர் சத்தம் வரும். மணியே இல்லாமல் மணியோசை கேட்கும். இதைச் செய்யும் கருவியின் பெயர்தான் ‘ரெசனன்ட் ஃபில்டர்’.

மொபைலில் கேட்கும் பாட்டு முதல், இயற்பியல் விஞ்ஞானி ஸ்டீபன் ஹாக்கிங்கின் அந்தப் பிரபலமான ‘ரோபோ குரல்’ வரை பலவற்றின் பின்னால் இருப்பது இந்த நுட்பம்தான். இது எப்படி வேலை செய்கிறது? எளிமையாகப் பார்க்கலாம் வாங்க.

ரெசனன்ட் ஃபில்டர் என்றால் என்ன?

ஃபில்டர் என்றால் வடிகட்டி. டீ வடிகட்டி தூளைத் தடுத்து டீயை மட்டும் விடுவதுபோல, ஒலி ஃபில்டர் சில அதிர்வெண்களைத் தடுத்து மற்றவற்றை விடும்.

ரெசனன்ட் ஃபில்டர் இன்னும் ஒரு படி மேலே. அது தனக்குப் பிடித்த ஒரே ஒரு அதிர்வெண்ணை மட்டும் பிடித்து வைத்துக்கொண்டு அதைப் பெரிதாக்கும். பள்ளிப் பாடத்தில் ‘ஒத்ததிர்வு’ என்று படித்தோமே, அதேதான்.

ஊஞ்சலை நினைத்துப் பாருங்கள். ஒரே ஒரு தள்ளு தள்ளிவிட்டு விலகி நின்றாலும் ஊஞ்சல் உடனே நிற்காது. தன்னுடைய வேகத்தில், தன்னுடைய தாளத்தில் ஆடிக்கொண்டே இருந்து மெதுவாக ஓயும். எவ்வளவு பலமாகத் தள்ளினாலும் அந்தத் தாளம் பெரிதாக மாறாது. கயிற்றின் நீளம்தான் அதை முடிவு செய்கிறது.

ரெசனன்ட் ஃபில்டரும் ஒரு ஊஞ்சல்தான். சின்னதாக ஒரு மின் துடிப்பைக் கொடுத்துவிட்டால் போதும், “டிங்ங்ங்” என்று ஒலித்துவிட்டு அடங்கும்.

அது என்ன 3 எண்கள்?

தட்டி ஒலி எழுப்பும் எந்தப் பொருளின் ஒரு அதிர்வையும் மூன்று எண்களில் சொல்லிவிடலாம்.

• அதிர்வெண்: ஒரு நொடிக்கு எத்தனை முறை அதிர்கிறது? இதுதான் சுருதியைத் தீர்மானிக்கும்.

• அடங்கும் நேரம்: எவ்வளவு நேரம் ஒலித்து ஓய்கிறது? கோயில் மணி பல நொடிகள் ஒலிக்கும். மேசையைத் தட்டினால் “டக்” என்று உடனே நின்றுவிடும்.

• பலம்: மற்ற அதிர்வுகளோடு ஒப்பிட்டால் இது எவ்வளவு சத்தமாக இருக்கிறது?

இதில் இரண்டாவது எண்தான் பொருள் என்ன என்பதைக் காதுக்குக் காட்டிக்கொடுக்கிறது. ஒரே அதிர்வெண்ணில் ஒலித்தாலும், சீக்கிரம் அடங்கினால் ‘மரம்’ என்கிறது மூளை. நீண்டு ஒலித்தால் ‘உலோகம்’ என்கிறது.

கணினியில் இது எப்படி நடக்கிறது?

கணினிக்கு ஒலி என்பது வெறும் எண்களின் வரிசை. சிடி தரத்தில் ஒரு நொடிக்கு 44,100 எண்கள். ஒவ்வொரு எண்ணும் அந்த நொடித்துளியில் ஸ்பீக்கர் எவ்வளவு முன்னே வர வேண்டும், எவ்வளவு பின்னே போக வேண்டும் என்பதைச் சொல்கிறது.

ஒரு ரெசனன்ட் ஃபில்டரை எழுத ஒரே ஒரு வரி போதும்.

புது எண் = தட்டு + (அ × முந்தைய எண்) − (ஆ × அதற்கும் முந்தைய எண்)

அவ்வளவுதான். கடைசி இரண்டு விடைகளை நினைவில் வைத்துக்கொண்டு, அதிலிருந்து அடுத்த விடையைக் கண்டுபிடிக்கிறது. ‘தட்டு’ என்பது ஒரே ஒரு முறை 1, அதன் பிறகு எல்லாம் 0. ஆனாலும் முந்தைய விடைகள் திரும்பத் திரும்ப உள்ளே வருவதால் ஒலி தொடர்ந்துகொண்டே இருக்கும்.

உதாரணத்துக்கு, 440 ஹெர்ட்ஸில் ஒலித்து ஒரு நொடியில் அடங்கும் ஓசை வேண்டும் என்றால், அ = 1.99576, ஆ = 0.99969. அடங்குவது என்றால் ஒலி ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைவது என்று இங்கே அர்த்தம்.

இந்த இரண்டு எண்களுக்குள்ளும் ‘தக்கவைப்பு விகிதம்’ என்ற ஒன்று ஒளிந்திருக்கிறது. ஒவ்வொரு அடியிலும் பழைய ஒலியில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதுதான் அது. இதை லேசாக மாற்றினாலே சத்தம் தலைகீழாக மாறுகிறது, பாருங்கள்.

• விகிதம் 0.99 என்றால் 0.016 நொடியில் அடங்கிவிடும். வெறும் “டிக்”.

• 0.999 என்றால் 0.16 நொடி. மரத்தைத் தட்டியது போல “டொக்”.

• 0.9999 என்றால் 1.6 நொடி. உலோகத்தைத் தட்டியது போல “டிங்ங்”.

தசமப் புள்ளிக்குப் பிறகு ஒரு 9 கூடினால், மரம் உலோகமாகிவிடுகிறது!

ஒரே ஒரு அதிர்வு போதுமா?

போதாது. ஒரே ஒரு ஃபில்டர் மட்டும் என்றால் பழைய டெலிபோன் ‘பீப்’ போலத்தான் இருக்கும். உண்மையான பொருள்கள் ஒரே நேரத்தில் பல விதங்களில் அதிர்கின்றன. எனவே பல ஃபில்டர்களை வரிசையாக வைத்து, எல்லாவற்றையும் ஒரே தட்டில் ஒலிக்க வைத்து, கூட்டிக்கொள்ள வேண்டும். இதற்கு ‘மோடல் சிந்தசிஸ்’ என்று பெயர்.

எந்தெந்த அதிர்வெண்கள்? இதைப் பொருளின் வடிவம் சொல்லும்.

ஒரே தடிமனுள்ள ஒரு உலோகப் பட்டையைத் தட்டினால், அதன் அதிர்வெண்கள் 1 : 2.76 : 5.40 : 8.93 என்ற விகிதத்தில் வரும். அடிப்படை 440 ஹெர்ட்ஸ் என்றால் அடுத்தவை 1,213 மற்றும் 2,378 ஹெர்ட்ஸ். இவை முழு எண் மடங்குகள் இல்லை என்பதால்தான் அந்த “கிளிங்” ஓசையில் ஒரு உலோக வாசம் அடிக்கிறது.

மரிம்பா செய்பவர்கள் இந்தச் சிக்கலை உளியால் தீர்த்தார்கள். மரப்பட்டையின் அடிப்பக்கத்தை நடுவில் வளைவாகச் செதுக்கி, இரண்டாவது அதிர்வெண்ணை அடிப்படையின் சரியாக 4 மடங்குக்குக் கொண்டுவந்தார்கள். சைலஃபோனில் இது 3 மடங்கு. அதனால்தான் ஒரே சுரத்தை வாசித்தாலும் இரண்டும் வேறு வேறாகக் கேட்கின்றன.

கணினியில் உளி தேவையில்லை. 2.76 என்று இருக்கும் எண்ணை அழித்துவிட்டு 4 என்று எழுதி, கூடவே அடங்கும் நேரத்தையும் குறைத்தால், உலோகப் பட்டை மரிம்பாவின் பக்கம் வந்துவிடும்.

மிருதங்கத்தில் சி.வி.ராமன் கண்டது என்ன?

டிரம் தோலின் கதை இன்னும் சிக்கல். விறைப்பாக இழுத்துக் கட்டிய ஒரு வட்டமான தோலின் அதிர்வெண்கள் 1 : 1.59 : 2.14 : 2.30 என்று தாறுமாறாகப் போகும். இதில் தெளிவான சுருதி பிறக்காது. பெரும்பாலான டிரம்கள் “தொம்” என்று ஒலிப்பதும், அதில் ‘ச’, ‘ப’ என்று சுரம் பிரிக்க முடியாமல் போவதும் இதனால்தான்.

ஆனால் மிருதங்கத்துக்கும் தபலாவுக்கும் சுருதி சேர்க்கிறோமே, அது எப்படி?

இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டவர் சி.வி.ராமன். ஒளிச்சிதறலுக்காக 1930இல் நோபல் பரிசு வாங்குவதற்கு 10 ஆண்டுகளுக்கு முன்பே, 1920இல் ‘நேச்சர்’ இதழில் சிவகாளி குமாருடன் சேர்ந்து இந்திய தோல் வாத்தியங்களைப் பற்றி எழுதினார். 1934இல் மீண்டும் விரிவாக எழுதினார்.

வலந்தலையின் நடுவில் இருக்கும் அந்தக் கறுப்பு வட்டம்தான் விஷயமே. தோலின் நடுவில் எடையைக் கூட்டுவதன் மூலம், தாறுமாறாக இருந்த அதிர்வெண்களை அது 1 : 2 : 3 : 4 : 5 என்ற வரிசைக்குப் பக்கத்தில் இழுத்து வருகிறது. ஒன்பது விதமான அதிர்வுகள் ஐந்து சுரங்களாக ஒன்றுசேர்கின்றன என்று ராமன் காட்டினார்.

ஃபில்டர் மொழியில் சொன்னால், அந்த வட்டத்தை அடுக்கடுக்காகப் பூசித் தேய்த்த கைவினைஞர்கள், கணினி வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே ‘அதிர்வெண் பட்டியலை’ கையாலேயே திருத்திக்கொண்டிருந்தார்கள்.

வாசிப்பவரின் விரலும் அதையேதான் செய்கிறது. ஒரு விரலைத் தோலின் மேல் லேசாக வைத்துக்கொண்டு இன்னொரு விரலால் தட்டும்போது, சில அதிர்வுகள் அமுங்கி மற்றவை மட்டும் ஒலிக்கின்றன. கணினியில் இது மூன்றாவது எண்ணான ‘பலத்தை’ மாற்றுவதற்குச் சமம். அதிர்வெண் பட்டியல் ஒன்றுதான். எங்கே தட்டுகிறோம், எங்கே தொடுகிறோம் என்பதைப் பொறுத்து சொற்கட்டு மாறுகிறது.

தோற்றுப்போன மெஷின் இசை உலகையே மாற்றிய கதை

இந்த நுட்பத்தின் மிகப் பிரபலமான உதாரணம் கணினியே இல்லை. ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் 1980இல் வெளியிட்ட ‘டிஆர்-808’ டிரம் மெஷின்.

அப்போது போட்டியில் இருந்தது அமெரிக்காவின் ‘லின் எல்எம்-1’. அதில் உண்மையான டிரம் சத்தங்கள் பதிவு செய்யப்பட்டு, சிப்பில் சேமிக்கப்பட்டிருந்தன. ஆனால் விலை சுமார் 5,000 டாலர்! நினைவக சிப்களின் விலை அன்று அப்படி.

808இன் விலை 1,195 டாலர். அதில் எந்தப் பதிவும் கிடையாது. அதன் பேஸ் டிரம் என்பது சில ரெசிஸ்டர்களும் கெப்பாசிட்டர்களும் ஒரு ஆம்ப்ளிஃபயரும் சேர்ந்த ஒரு சர்க்யூட். 50 ஹெர்ட்ஸை ஒட்டி ஒத்ததிரும் ஒரு ஃபில்டர். பட்டனை அழுத்தினால் மிகச் சிறிய ஒரு மின் துடிப்பு அதைத் ‘தட்டும்’. ஃபில்டர் “பூம்ம்ம்” என்று ஒலித்து அடங்கும். ‘டிகே’ குமிழைத் திருகினால் அடங்கும் நேரம் கூடும். ஸ்னேர் டிரம்முக்கு இதேபோல இரண்டு ஃபில்டர்கள், கூடவே கம்பிகளின் சலசலப்புக்காகக் கொஞ்சம் இரைச்சல்.

பிரச்சினை என்னவென்றால், அது நிஜ டிரம் மாதிரி இல்லை. “இது டிரம்மே இல்லை” என்று அன்றைய இசைக்கலைஞர்கள் பலர் ஒதுக்கினார்கள். 12,000 மெஷின்கள் அளவில்தான் விற்றன. 1983இல் தயாரிப்பே நிறுத்தப்பட்டது.

அதன் பிறகுதான் திருப்பம். செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைத்த 808ஐ, பெரிய ஸ்டூடியோவுக்குப் பணம் இல்லாத இளைஞர்கள் வாங்கினார்கள். 1982இல் வந்த ஆஃப்ரிகா பம்பாட்டாவின் ‘பிளானட் ராக்’ ஏற்கெனவே வழி காட்டியிருந்தது. அதே ஆண்டு மார்வின் கேயும் தன் ஹிட் பாடலில் 808ஐப் பயன்படுத்தினார். நிஜத் தோலால் தர முடியாத அந்த நீண்ட “பூம்ம்ம்” ஹிப்-ஹாப்பின் அடையாளமானது. 2008இல் கான்யே வெஸ்ட் தன் ஆல்பத்தின் பெயரிலேயே ‘808’ஐ வைத்தார்.

இன்று காரில் ஸ்பீக்கர் அதிர ஒலிக்கும் அந்த பேஸுக்கு ‘808’ என்றே பெயர். நிஜத்தைப் போல இல்லை என்று ஒதுக்கப்பட்ட சத்தம், தானே ஒரு நிஜ வாத்தியமாகிவிட்டது.

ரெக்கார்ட் பண்ணியே வச்சுக்கலாமே, இது எதுக்கு?

நியாயமான கேள்வி. இன்று நினைவகம் மலிவு. ஆனாலும் மூன்று காரணங்கள் இருக்கின்றன.

முதலாவது, அளவு. சிடி தரத்தில் ஒரு நொடி ஒலிக்கு ஒரு சேனலுக்கு மட்டும் 88,200 பைட் இடம் வேண்டும். அதே மணியோசையை 6 ஃபில்டர்களில் செய்தால், தேவைப்படுவது 18 எண்கள். வெறும் 72 பைட்!

இரண்டாவது, உயிர்ப்பு. பதிவு செய்த சத்தம் எத்தனை முறை தட்டினாலும் அச்சு அசலாக அதேதான். ஃபில்டரைத் தட்டும்போது பலமாகவும் மெதுவாகவும் தட்டலாம். ஒலித்துக்கொண்டிருக்கும்போதே மறுபடி தட்டலாம். இரண்டும் இயல்பாகக் கலக்கும். வீடியோ கேமில் ஒரு பாத்திரம் படிக்கட்டில் உருண்டு விழும்போது ஒவ்வொரு மோதலுக்கும் வேறு சத்தம் வர வேண்டும் என்றால் இதுதான் வழி.

மூன்றாவது, சொந்தம். நீங்களே எண்களைப் போட்டு உருவாக்கிய ஒலியில் வேறு யாருடைய பதிவும் இல்லை. எனவே அடுத்தவர் ரெக்கார்டிங்கிலிருந்து எடுத்ததாக சேம்பிள் உரிமைச் சிக்கல் வராது.

வேகம்? 6 ஃபில்டர்களுக்கு ஒவ்வொரு அடிக்கும் 12 பெருக்கல்கள். நொடிக்கு சுமார் 5.3 லட்சம். கேட்க பெரிதாக இருந்தாலும், நொடிக்குப் பல கோடி கணக்குகள் போடும் இன்றைய மொபைலுக்கு இது தூசு.

உங்கள் வாயும் ஒரு ஃபில்டர்தான்!

ஒரே சுருதியில் “ஆ… ஈ… ஊ…” என்று சொல்லிப் பாருங்கள். தொண்டை எழுப்பும் அதிர்வு மாறவே இல்லை. மாறுவது நாக்கும் உதடும்தான்.

வாய்க்குள் இருக்கும் காற்று, ரெசனன்ட் ஃபில்டராக வேலை செய்கிறது. 1952இல் அமெரிக்க ஆண் பேச்சாளர்களிடம் எடுத்த அளவீட்டின் சராசரிப்படி, ‘ஆ’வை ஒத்த ஒலிக்கு 730, 1,090 ஹெர்ட்ஸில் ஒத்ததிர்வு. ‘ஈ’க்கு 270, 2,290. ‘ஊ’வுக்கு 300, 870. இந்த எண்களைப் போட்ட ஃபில்டர்கள் வழியாக ஒரு கரகரப்பான “ர்ர்ர்” ஒலியை அனுப்பினால், கணினி ‘ஆ’ என்கும், ‘ஈ’ என்கும்.

இதை முழுமையான பேச்சாக வளர்த்தவர்களில் முக்கியமானவர் அமெரிக்காவின் எம்ஐடியில் பணியாற்றிய டென்னிஸ் கிளாட். 1980இல் அவர் வெளியிட்ட பேச்சு மென்பொருளின் அடிப்படைக் கல், மேலே பார்த்த அதே ஒரு வரி சூத்திரம்தான்: கடைசி இரண்டு விடைகளிலிருந்து அடுத்த விடை. தன் சொந்தக் குரலையே அளந்து அதன் முக்கியக் குரலை உருவாக்கினார்.

1985இல் நிமோனியா பாதிப்பால் தொண்டையில் அறுவை சிகிச்சை செய்யப்பட்டு, பேசும் திறனை முழுமையாக இழந்தார் ஸ்டீபன் ஹாக்கிங். அதன் பிறகு அவருக்குக் குரல் கொடுத்தது, கிளாட்டின் ஆராய்ச்சியிலிருந்து உருவான ஒரு கருவி.

கிளாட் 1988இல் புற்றுநோயால் காலமானார். பிற்காலத்தில் இதைவிடத் தெளிவான, மனிதக் குரலுக்கு நெருக்கமான தொழில்நுட்பங்கள் எத்தனையோ வந்தன. ஹாக்கிங் மாறவில்லை. அந்தக் குரல்தான் தன் அடையாளம் என்று 2018இல் மறையும் வரை அதையே வைத்துக்கொண்டார். ஒருவர் அளந்து வைத்துவிட்டுப் போன ஃபில்டர் எண்கள், இன்னொருவருக்கு 30 ஆண்டுகளுக்கு மேல் குரலாக இருந்தன.

எங்கே சறுக்கும்?

தட்டும் வாத்தியங்களுக்கு இந்த முறை அருமை. மணி, ஜலதரங்கம், மரிம்பா, டிரம் எல்லாம் ஓகே. ஆனால் வயலினில் வில் கம்பியைப் பிடித்துப் பிடித்து விடுகிறது. நாதஸ்வரத்தில் சீவாளி காற்றை வெட்டி வெட்டி அனுப்புகிறது. இங்கே தட்டுபவரும் ஒலிப்பவரும் ஒருவரை ஒருவர் ஓயாமல் பாதிக்கிறார்கள். வெறும் ஃபில்டர் வரிசை இதற்குப் போதாது. கம்பிக்குள் அலை ஓடித் திரும்புவதையே கணக்கிடும் வேறு முறைகள் தேவை.

அடுத்தது, துல்லியம். 50 ஹெர்ட்ஸ் ஓசைக்கு அ = 1.99964, ஆ = 0.99969. இதை மூன்று தசமத்துக்கு ‘ரவுண்ட்’ செய்தால் 2 மற்றும் 1 ஆகிவிடும். அப்போது டிரம் ஒலிக்காது; விடை ஏறிக்கொண்டே போகும்.

எச்சரிக்கை: முதலில் இயர்போனைக் கழற்றுங்கள்!

இதுதான் மிக முக்கியம். தக்கவைப்பு விகிதம் 1ஐத் தாண்டக் கூடாது. 0.9999 என்று அடிப்பதற்குப் பதில் தவறுதலாக 1.0001 என்று அடித்துவிட்டால், ஒலி அடங்குவதற்குப் பதிலாக 1.6 நொடிக்குள் ஆயிரம் மடங்கு பெருகும். உள்ளே தள்ளுபவரே இல்லாமல் ஊஞ்சல் தானாக வேகம் எடுப்பது போல.

இயர்போன் காதில் இருக்கும்போது இது நடந்தால், மொபைலோ லேப்டாப்போ தரக்கூடிய உச்ச சத்தம் நேராகச் செவிப்பறையில் இறங்கும். செவித்திறன் பாதிக்கப்பட்டால் திரும்பக் கிடைக்காமலே போகலாம். எனவே புதிய எண்களை எப்போதும் ஸ்பீக்கரில், குறைந்த சத்தத்தில்தான் முதலில் சோதிக்க வேண்டும். கடைசியில் ஒரு ‘லிமிட்டர்’ போடுவதும் கட்டாயம்.

வீட்டிலேயே முயற்சி செய்வது எப்படி?

காசு செலவில்லை. ‘சூப்பர்கொலைடர்’, ‘பியூர் டேட்டா’ இரண்டும் இலவச மென்பொருள்கள். சூப்பர்கொலைடரில் ‘கிளாங்க்’ என்று ஒரு வசதி இருக்கிறது. அது கேட்பதே மூன்று பட்டியல்கள்தான்: அதிர்வெண், பலம், அடங்கும் நேரம்.

• முதலில் 440, 1,213, 2,378 ஹெர்ட்ஸ் கொடுங்கள்.

• அடங்கும் நேரம் 2, 1.2, 0.8 நொடி என்று வையுங்கள். உலோகப் பட்டை ஒலிக்கும்.

• அதே அதிர்வெண்களுக்கு 0.2, 0.1, 0.05 என்று மாற்றுங்கள். மரம் தட்டுவது போல ஆகிவிடும்.

• மின் துடிப்புக்குப் பதில் லேசான இரைச்சலை உள்ளே அனுப்புங்கள். யாரோ ஊதுவது போல, காற்று கலந்த ஓசை வரும்.

அடுத்த கட்டமாக, வீட்டு எவர்சில்வர் டம்ளரைக் கரண்டியால் தட்டி மொபைலில் பதிவு செய்யுங்கள். பிளே ஸ்டோரில் கிடைக்கும் ஏதாவது ஒரு ஸ்பெக்ட்ரம் ஆப்பில் பார்த்தால், சில இடங்களில் மட்டும் ஊசி ஊசியாக உயர்ந்து நிற்கும். அந்த ஊசிகள் நிற்கும் அதிர்வெண்களை எழுதி ஃபில்டருக்குக் கொடுங்கள்.

பக்கத்து அறையில் இருப்பவர், “யாரு டம்ளரைத் தட்டுறது?” என்று கேட்டால், உங்கள் எண்கள் சரி!